வீட்டில் படித்த மகனைக் கம்பஸுக்கு விண்ணப்பிக்க வைப்பது எப்படி? கொழும்பில் செய்தவர்கள் சொல்லுங்கள்

நெய்தல்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தை. மகனுக்கு அடுத்த மாதம் 16 முடிகிறது. நாலாம் வகுப்பில் இருந்தபோது 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்தது, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அந்தத் தவணை மட்டும் வீட்டில் வைத்துப் படிப்பிப்போம் என்றுதான் தொடங்கினேன். அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பெட்ரோல் வரிசை, மின்வெட்டு. ஒவ்வொரு ஜனவரியும் இந்த முறை அனுப்பிவிடுவோம் என்று கதைப்போம். அவன் வீட்டிலிருந்தே ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தான், அனுப்பாமலே இருந்துவிட்டோம்.

போன வருடம் பிரைவேட் கண்டிடேட்டாக லண்டன் ஓ.எல். (பிரித்தானியச் சபைகள் நடத்தும் சாதாரண தரப் பரீட்சை) 7 பாடம் எழுதினான். கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் 9, அதுதான் ஆகக்கூடிய தரம். இனி ஏ.எல். (உயர்தரம்), பிறகு பொறியியல் அல்லது பௌதிகம் என்கிறான். படிப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை, விண்ணப்பப் படிவத்தை நினைத்தால்தான் பயம். பள்ளிக்கூடத்தின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது? அதிபரின் கடிதம் கேட்டால் யாரிடம் போவது? விடுகைப் பத்திரம் நாலாம் வகுப்போடு நிற்கிறது, ரிப்போர்ட் என்று ஒரு துண்டும் இல்லை. போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் மச்சாள் எல்லோருக்கும் முன்னால் "இவனை எந்தக் கம்பஸ் எடுக்கும்?" என்று கேட்டா. மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இரண்டு_பிள்ளை_அப்பா

தங்கச்சி, கோவிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஏ.எல். இரண்டு வருடத்துக்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். 5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி என்று நாட்டில் விதி இருக்கிறது, உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டப் போகிறான், அது வேறு கதை. ஆனால் லண்டன் ஓ.எல். பெறுபேற்றை வைத்து ஏ.எல். வகுப்புக்குப் பிள்ளை எடுக்கும் இன்டர்நெஷனல் ஸ்கூல்கள் கொழும்பில் இருக்கின்றன. ஆய்வுகூடம், ஆசிரியர், கடிதம், கூட்டாளிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். என் மூத்தவன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான், அவனுக்கே விண்ணப்ப நேரத்தில் நாய்படாப் பாடு பட்டோம். நீங்கள் தனியாக எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்?

தெஹிவளை_ராணி

அண்ணா சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் தனியாகச் செய்ய முடியாத காரியம் இல்லை இது. என் மகள் ஏழாம் வகுப்பிலிருந்து வீட்டில் படித்தவள், இப்போது இங்கிலாந்தில் இரண்டாம் வருடம். நெய்தல் தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது, ஆனால் நாட்டுக்கு நாடு அந்தப் பதில் மாறும். அதனால் முதலில் மகனோடு இருந்து எந்த நாடு என்று கதையுங்கள். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளினோம், ஒரு வருடம் வீணாகப் போனது.

இலங்கை அரச பல்கலைக்கழகம் என்றால் இலங்கை ஏ.எல். எழுத வேண்டும், லண்டன் ஏ.எல்.லை வைத்து இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் புள்ளி) வராது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு ஒன்லைனில் விண்ணப்பித்து எழுதலாம். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும், ஏ.எல்.லோடு வருகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும், மூன்று தடவைக்கு மேல் எழுதினால் அரச பல்கலைக்கழகம் இல்லை. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு. பொறியியலுக்குக் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அங்கே கடிதம், கட்டுரை, பள்ளிக்கூடத்தின் பெயர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பரீட்சைதான் எல்லாம்.

இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளை தனி விண்ணப்பதாரராகப் பதியலாம், 5 தெரிவு கொடுக்கலாம். மாணவர் எழுதும் அறிக்கை மொத்தம் 4000 எழுத்து, 2026இல் நுழைகிற பிள்ளைகளிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் ஒக்டோபர் 15க்கு முன் அனுப்ப வேண்டும், மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று, பரிந்துரைக் கடிதம் கட்டாயம், அதைக் குடும்பத்தார் எழுதக் கூடாது. மகளுக்கு ஆறு வருடம் படிப்பித்தவள் நான், என் கடிதம் அங்கே செல்லாது.

அமெரிக்கா நேர் எதிர். கொமன் அப் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் வீட்டில் படித்த பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ கவுன்சலராக நின்று கடிதம் எழுதலாம், நாலு வருடப் பாட விவரத்தையும் புள்ளிகளையும் ட்ரான்ஸ்கிரிப்ட்டாக நீங்களே தயாரித்துக் கையெழுத்து வைக்கலாம். பள்ளிக்கூடத்தின் குறியீடு கேட்கிற இடத்தில் 970000 என்று வீட்டுக்கல்விக்கென்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மச்சாளுக்கு அதைக் காட்டுங்கள். ஆனால் ஆசிரியர் கடிதத்துக்கு அங்கேயும் வெளி ஆள் வேண்டும். எஸ்.ஏ.ரி. என்ற அமெரிக்க நுழைவுப் பரீட்சையும் எழுத வைப்பது நல்லது, இப்போது அது மடிக்கணினியில் 2 மணி 14 நிமிடம், கான் அகடமியில் பயிற்சி இலவசம். எம்.ஐ.டி. போன்ற இடங்கள் அதை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. அமெரிக்கா பற்றி ஆலோசனை கேட்க ஏஜென்டிடம் போய்க் காசு கொடுக்க வேண்டாம், கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது.

ஆகவே எந்த நாடாக இருந்தாலும், பரீட்சைப் பெறுபேறு ஒன்று, உங்கள் வீட்டுக்கு வெளியே பிள்ளையின் படிப்பைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர், இவை இருந்தால் அந்தப் பள்ளிக்கூடப் பெயர் பெரிய தடை இல்லை. அந்த இரண்டு பேரை இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகள் வாரத்துக்கு ஒரு நாள் போன ஒரு கல்வி நிலையம் "கடிதம் தானே, தருவோம்" என்று ஒரு வருடமாகச் சொன்னது. முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய் நின்றால், முழுநேர மாணவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். நான் அந்தப் படிக்கட்டிலேயே இருந்து அழுதேன். கடைசியில் மகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பதினாலு மாதம் பார்த்தவர், இரண்டு இரவு இருந்து எழுதித் தந்தார். கடிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? மகள் ஒரு கணக்கை மூன்று கிழமை விடாமல் வைத்திருந்து நாலாவது கிழமை வேறு வழியில் செய்துகொண்டு வந்தது. அதை அந்த டீச்சரைத் தவிர வேறு யாரால் எழுத முடியும்?

நெய்தல்_அம்மா

ராணி அக்கா, வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது. மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பௌதிகம், இரசாயனத்துக்குச் செய்முறைப் பரீட்சை உண்டு என்கிறார்கள், வீட்டில் ஆய்வுகூடத்துக்கு எங்கே போவேன்? அடுத்தது, இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கும் புள்ளியைக் கணித்துக் கொடுக்க வேண்டும் என்று எங்கோ வாசித்தேன். இவனுக்கு யார் கணிப்பது?

கொட்டாஞ்சேனை_சேர்

நான் இருபத்திரண்டு வருடமாகப் பௌதிகம் ரியூஷன் கொடுக்கிறேன், லோக்கலும் லண்டனும். செய்முறை விஷயத்தில் பாடத்திட்டத்தைத் தெரிவு செய்யும்போதே முடிவெடுத்துவிட வேண்டும், பிறகு மாற்றுவது கஷ்டம்.

கேம்பிரிட்ஜ் பரீட்சைச் சபையின் ஏ.எல். பௌதிகத்தில் மூன்றாவது பேப்பர் உண்மையான செய்முறை. பிள்ளை ஆய்வுகூடத்தில் நின்று ஊசலையோ சுற்றையோ பொருத்தி அளவெடுத்து எழுத வேண்டும். பிரைவேட் கண்டிடேட்டுக்கு அந்த வசதி தரும் நிலையத்தைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை. எடெக்செல் என்ற மற்றப் பரீட்சைச் சபையின் சர்வதேச ஏ.எல். அப்படியில்லை. 6 யூனிட், அதில் மூன்றாவதும் ஆறாவதும் செய்முறைத் திறன் பற்றியவை, ஆனால் இரண்டும் எழுத்துப் பேப்பர், ஒவ்வொன்றும் 1 மணி 20 நிமிடம், 50 புள்ளி. எழுத்துப் பேப்பர்தானே என்று செய்முறையே செய்யாமல் விடுகிற பிள்ளைகள் அந்த இரண்டிலும்தான் சறுக்குகிறார்கள். மைக்ரோமீற்றரைக் கையில் பிடித்துப் பார்க்காத பிள்ளைக்குப் பூச்சிய வழு என்றால் என்னவென்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. ஒரு வேர்னியர், ஒரு மைக்ரோமீற்றர், ஒரு மல்டிமீற்றர், கொஞ்சம் வயர், ஸ்ப்ரிங், ஸ்டொப்வொட்ச். இவ்வளவும் வாங்கிக் கொடுத்தால் சாப்பாட்டு மேசையிலேயே பாதிப் பரிசோதனை முடியும்.

அம்மா கேட்ட அடுத்த கேள்விக்கும் இதிலேயே வழி இருக்கிறது. எடெக்செல்லில் யூனிட் யூனிட்டாக எழுதலாம், ஜனவரி, மே-ஜூன், ஒக்டோபர் என்று வருடத்தில் மூன்று முறை நடக்கிறது. மகன் முதல் வருட முடிவில் மே-ஜூனில் ஏ.எஸ். (ஏ.எல்.லின் முதல் பாதி) யூனிட்டுகளை எழுதினால் ஓகஸ்டில் பெறுபேறு கையில் இருக்கும். செப்டெம்பரில் கடிதம் எழுதுகிற ஆள் அதைப் பார்த்துத்தான் கணிப்பார், கைக்கு வந்தபடி ஒரு எழுத்தைப் போட மாட்டார். அல்லது ஏ.எல். முழுவதும் முடித்துப் பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம். அப்போது கணிப்பே தேவையில்லை, ஒரு வருடம் பிந்தும், அவ்வளவுதான்.

கடிதம் பற்றி ராணி அம்மா சொன்னது முழுக்கச் சரி. முடிவுத் திகதிக்கு முதல் மாதம் வந்து "சேர், ஒரு கடிதம்" என்று கேட்கிற பெற்றோர் வருடத்துக்கு நாலைந்து பேர். எனக்கும் கவலைதான், ஆனால் மூன்று மாதம் பார்த்த பிள்ளையைப் பற்றி நான் என்னத்தை எழுத? கெட்டிக்காரன், ஒழுக்கமானவன் என்று எழுதலாம். அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அந்தப் பிள்ளை எங்கே பிழைவிட்டது, பிழையைக் கண்டவுடன் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் கடிதத்தில் உயிர் இருக்கும்.

நாவல_மாணவி

நான் வீட்டில் படித்தவள். எல்லா அம்மா அப்பாவும் கதைக்கிறீர்கள், பிள்ளையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாமா?

என் அப்பாவுக்கு லண்டன் பரீட்சைக் கட்டணம் கட்டுமளவுக்கு வருமானம் இல்லை. 2022இல் டொலர் 200இலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360க்குப் போனபோது பவுணில் கட்டுகிற எதையும் யோசிக்கவே முடியவில்லை. அதனால் இலங்கை ஏ.எல். தான் எழுதினேன், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. அதற்கு அடையாள அட்டை எடுக்கப் போனதுதான் எனக்கு முதல் பாடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதிபர் உறுதிப்படுத்தி அனுப்புவார், எங்களைப் போன்றவர்கள் கிராம உத்தியோகத்தர் வழியாகப் போக வேண்டும். 15 வயது முடிந்தவுடன் விண்ணப்பிக்கலாம், நான் பரீட்சைக்கு முதல் வருடம் போய் அலைந்தேன். நெய்தல் அன்ரி, உங்கள் மகனுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே போங்கள்.

பரீட்சை மண்டபம் எனக்குத் தெரியாத ஒரு பள்ளிக்கூடம். மற்றப் பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நின்று கடைசி நிமிடம் வரைக்கும் குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கதிரையை இழுக்கிற சத்தத்தில் என் கை நடுங்கியது, முதல் அரை மணி நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. வீட்டில் எத்தனையோ பாஸ் பேப்பர் செய்திருந்தேன், ஆனால் எல்லாம் என் அறையில், காற்றாடிக்குக் கீழே, தேத்தண்ணீர் குடித்துக் குடித்து. அதனால் கேட்கிறேன், மகனை வெளியே கூட்டத்தோடு இருந்து மாதிரிப் பரீட்சை எழுத வையுங்கள், ரியூஷனிலோ எங்கேயோ, நாலைந்து தடவையாவது.

எனக்கு வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியது. நான் இப்போது நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன், சந்தோசமாக இருக்கிறேன். இதைத் தோற்றவர்கள் போகிற இடம் மாதிரிப் பார்க்காதீர்கள். ஏ.எல். இல்லாதவர்களுக்கும் அங்கே அத்திவாரக் கற்கைகள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே படிக்கலாம், வீட்டில் தானாகப் படித்துப் பழகிய பிள்ளைக்கு அந்த முறை கைவந்தது. என் வகுப்பில் மற்றவர்கள் பாடக் கையேட்டைத் தனியே படிக்கத் தடுமாறினார்கள், எனக்கு அது பத்து வயதிலிருந்து பழகிய விஷயம்.

இரண்டு_பிள்ளை_அப்பா

தங்கச்சி நாவல, நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. நான் முதலில் சொன்னதில் கூட்டாளிகள் பற்றிச் சொன்னது இந்தத் தனிமையைத்தான் நினைத்து. பள்ளிக்கூடம்தான் ஒரே வழி என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் நெய்தல் தங்கச்சி, அவன் வாரத்தில் ஒரு நாளாவது தன் வயதுப் பிள்ளைகளோடு ஏதாவது செய்கிறானா? கிரிக்கெட், சாரணர், எதுவானாலும்.

நெய்தல்_அம்மா

அண்ணா, மிருதங்கம் படிக்கிறான், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் முடித்துவிட்டான். அந்த வகுப்பில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஞாயிறுகளில் அவர்களோடு கடற்கரையில் கிரிக்கெட். மிருதங்கச் சான்றிதழை விண்ணப்பத்தில் போடலாமா என்று கூட எனக்குத் தெரியவில்லை, வெளிநாட்டுக்காரருக்கு அது என்னவென்று விளங்குமா?

தெஹிவளை_ராணி

கட்டாயம் போடுங்கள். கலாவித்தகர் பட்டம் வரைக்கும் போகிற ஒழுங்கான தரப் பரீட்சை அது, எழுத்தும் செய்முறையும் இருக்கிறது என்று ஒரு வரி விளக்கம் எழுதினால் போதும். குருவிடமும் கேளுங்கள், எத்தனை வருடம் பார்க்கிறார்? அமெரிக்காவுக்கு மேலதிகக் கடிதம் ஒன்று அவரே தரலாம். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பித்து இணைக்கலாம்.

இனி இரண்டு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். முதலாவது பெயர். சிரிக்க வேண்டாம், எங்களை அலைக்கழித்தது இதுதான். மகளின் பிறப்புச் சான்றிதழில் அவளுடைய பெயர் மட்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் முழுதாக. லண்டன் ஓ.எல். சான்றிதழில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது, அதிலும் எங்கள் பெயரில் வரும் 'த'வுக்கு ஓர் இடத்தில் எச் இருக்கிறது, மற்ற இடத்தில் இல்லை. யூகாஸ் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கிறது, நமக்குக் குடும்பப்பெயரே இல்லை. மூன்று ஆவணத்தில் மூன்று ஆள் மாதிரி இருந்தாள், சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்துத்தான் சரிவந்தது. ஆகவே மகனின் கடவுச்சீட்டை முதலில் எடுங்கள், அதில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏ.எல்., ஐ.ஈ.எல்.ரி.எஸ். (ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை), எஸ்.ஏ.ரி. எல்லாவற்றுக்கும் பதியுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு 2 வருடம்தான் செல்லும், இப்போதே அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

இரண்டாவது, பதிவு. ரிப்போர்ட் ஒன்றும் இல்லை என்று எழுதினீர்கள். நான் ஒரு தடித்த சி.ஆர். கொப்பி வைத்திருந்தேன். திகதி, என்ன பாடம், எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம், எத்தனை மணி, எங்கே மாட்டுப்பட்டாள். சில நாள் "இன்று ஒன்றும் படிக்கவில்லை, காய்ச்சல்" என்று மட்டும் இருக்கும். விண்ணப்ப நேரத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட் தயாரிக்க எனக்கு அந்தக் கொப்பிதான் கைகொடுத்தது. இதுவரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பழைய கொப்பிகள், வாங்கிய புத்தகங்கள், கூகுளில் கிடக்கிற படங்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பின்னோக்கி எழுதலாம். நினைவில் இல்லாததை எழுத வேண்டாம். பொய்யாக ஒரு புள்ளியும் போட வேண்டாம்.

அவன் தானாகச் செய்த ஏதாவது இருக்கிறதா? யாரும் சொல்லாமல், பரீட்சைக்கும் இல்லாமல்?

நெய்தல்_அம்மா

அக்கா, இது படிப்பா என்று தெரியவில்லை. எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் கடற்கரை ரயில் பாதை தெரியும். பதின்மூன்று வயதில் அவன் காலிப் பக்கமிருந்து வருகிற காலை ரயில்கள் எத்தனை நிமிடம் பிந்துகின்றன என்று எழுதத் தொடங்கினான், எட்டு மாதம் விடவில்லை. மழை நாளில் எவ்வளவு, திங்கட்கிழமையில் எவ்வளவு என்று நிறம் நிறமாக வரைபு போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். நான் பலமுறை கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

தெஹிவளை_ராணி

ஐயோ, கழற்றவே வேண்டாம்! அதுதான் தங்கச்சி அவனுடைய கட்டுரை. எல்லாத் தரவையும் படம் எடுத்து வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_சேர்

அந்த வரைபை நானும் பார்க்க வேண்டும். எட்டு மாதம் அளவெடுத்த பிள்ளைக்கு அளவீட்டு வழுவைப் படிப்பிக்கக் கஷ்டமே இருக்காது.

நெய்தல்_அம்மா

நாலு நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இந்த இழையை மகனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, நாவல அக்கா எழுதியதை மட்டும் இரண்டாம் தரம் வாசித்தான். நேற்று இரண்டு பேரும் கிராம உத்தியோகத்தரிடம் போனோம், படிவம் வாங்கியாயிற்று, பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று புதிதாக எடுக்க வேண்டும். இங்கிலாந்தை முதலாவதாகவும் திறந்த பல்கலைக்கழகத்தை அடுத்ததாகவும் வைத்திருக்கிறான். அமெரிக்கா பற்றி அவனுடைய அப்பாவும் அவனும் இன்னும் கதைத்து முடியவில்லை. சி.ஆர். கொப்பி வாங்கிவிட்டேன், 2019இலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன், இன்னும் 2020ஐத் தாண்டவில்லை.

சேர், உங்களிடம் சனிக்கிழமை வகுப்பில் இடம் இருக்கிறதா? பேப்பருக்காக மட்டும் கேட்கவில்லை. இரண்டு வருடம் நீங்கள் அவனைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனை_சேர்

இடம் இருக்கிறது அம்மா. சனி காலை 7 மணி, பதினொரு பிள்ளைகள், இவனோடு பன்னிரண்டு. முதல் நாள் புத்தகம் ஒன்றும் வேண்டாம், அந்த ரயில் வரைபைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.